கேரி தீவிலிருந்து ஓர் அக்கா

போன மாதம் என் பழைய காரை ஏர்கோன் பார்ப்பதற்காகக் கிள்ளானில் வழக்கமாகப் போகும் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். வேலை முடிந்ததும் பட்டறைக்காரத் தம்பி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆன்டி, இந்த ரேடியோவ கழட்டிட்டு ஸ்க்ரீன் போட்டுருவோமா? போன்ல இருக்கிற பாட்டெல்லாம் இதுலயே வரும் லா," என்றான். மகளும் இதையே வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, போடு என்றேன். கொஞ்ச நேரத்தில் ரேடியோ இருந்த இடத்தில் கையகலக் கண்ணாடி ஒன்று பளபளவென்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"வாயால சொன்னா போதும் ஆன்டி. என்ன பாட்டு வேணும்?"

திரை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பாட்டுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. நம்புங்கள், இளமையில் பாதியைப் பாட்டோடு கழித்தவள் நான். கேட்டதும் சொல்லத் தெரியாமல் கடையில் பெயர் மறந்துபோன சாமானைத் தேடுகிறவள் மாதிரி முழித்தேன். கடைசியில் "எதையாவது போடு" என்றேன். அந்தப் பெயரில் ஏதோ ஒரு பாட்டு உலகத்தில் இருக்கிறது போலிருக்கிறது. உடனே தேடியெடுத்து, பட்டறையே அதிரும்படி போட்டுவிட்டது. தம்பி சிரித்தபடி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கழற்றிய ரேடியோவைப் பழைய நாளிதழில் சுற்றி என் மடியில் வைத்தான்.

அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. உங்களுக்கும் தெரிந்திருக்கும், வெகுநேரம் ஓடிய எந்தப் பழைய கருவியைத் திறந்தாலும் வரும். எனக்கு அது ஒரு சின்ன அறையின் வாசனை. அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓயாமல் அடிக்கும் ஒரு தொலைபேசி. அதன் ரிசீவரில் எனக்கு முந்தைய ஷிப்டில் வேலை பார்த்த பெண்ணின் தேங்காய் எண்ணெய் வாசம் எப்போதும் ஒட்டியிருக்கும்.

கோலாலம்பூரில் ஒரு வானொலி நிலையத்தின் தமிழ்ப் பகுதியில் அப்போது எனக்குத் தற்காலிக வேலை. நேயர் விருப்பத்துக்கு வரும் அழைப்புகளை எடுப்பது. பெயர், ஊர், பாட்டு, யாருக்காக என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறிவிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நான் போனது அறிவிப்பாளராகத்தான். குரல் தேர்வில் வாழைப்பழத்தைப் பற்றி ஒரு பத்தி வாசிக்கக் கொடுத்தார்கள். வீட்டில் பேசிப் பழகிய யாழ்ப்பாண நாக்கு எனக்கு. அத்தனை வாழையும் வாளையாக வந்து விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மூத்த அறிவிப்பாளர் வேலாயுதம் அண்ணன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். "தங்கச்சி, உங்க குரல் டெலிபோனுக்கு ரொம்ப நல்லா இருக்கும்," என்றார். அவமானமாக இருந்தது. ஆனால் வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தது. அப்பா ரயில்வேயில் கிளார்க். தலைமுறை தலைமுறையாக அரசாங்கப் பென்சனில் வாழ்ந்த குடும்பம். தற்காலிக வேலை என்ற சொல்லே அப்பாவுக்குப் பிடிக்காது.

"ரேடியோவில வேலை எண்டா, செய்தி வாசிக்கப் போறியோ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா. போன் எடுக்கோணும்."

"போன் எடுக்கிறதுக்குச் சம்பளமே? வீட்டில அடிக்கிற போனையே நீ எடுக்கிறேல்லையே."

அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்த அறையில் அடித்த தொலைபேசியை நான் ஆசையோடு எடுத்தேன். சுங்கை வே தொழிற்சாலைப் பெண்கள் வேலை மாறும் நேரத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள். பின்னால் மற்றவர்கள் "என் பேரையும் சொல்லு டி" என்று நெருக்கியடிப்பது கேட்கும். பாட்டு இரண்டாம் பட்சம், பெயர்தான் முக்கியம். மாமா, மாமி, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று தொடங்கி "விட்டுப்போன எல்லாருக்கும்" என்று முடிப்பார்கள். ஒருவர் மனைவியோடு பேச்சு நின்றுபோகும்போதெல்லாம் அவருக்காகப் பாட்டுக் கேட்பார். மனைவி எங்கே என்று ஒருமுறை கேட்டேன். "இங்கதான் பக்கத்துல துணி மடிக்கிறாங்க" என்றார்.

இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவர்தான் கேரி தீவு சரோஜா அக்கா.

அவர் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். தோட்டக் கடைக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் பேசுவார். காசு விழும் சத்தம் முதலில் வரும், பிறகு அவர் குரல். கொஞ்சம் கரகரப்பான, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"சிஸ்டர், எவ்ளோ நேரமா சுத்துறேன், லைனே கெடைக்கல. எழுதிக்கோங்க. கேரி தீவு சரோஜா. தம்பி சேகருக்கு. எங்க இருந்தாலும் கேக்கணும். அக்காவுக்கு கோவம் இல்ல."

கடைசி வாக்கியத்தையும் எழுத வேண்டுமா என்று முதல் தடவை கேட்டேன். "அதுக்குதான் சிஸ்டர் காசே போடறேன்," என்றார். பாட்டு எப்போதும் ஒரே பாட்டுதான். ஆற்றில் ஓடம் ஓட்டுகிறவன் பாடுகிற மாதிரி ஒரு பழைய படப்பாட்டு. தம்பிக்குப் பிடித்தது. வேலாயுதம் அண்ணன் அந்தச் சீட்டை வாசிக்கும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். "கேரி தீவிலிருந்து ஓர் அக்கா, சரோஜா. தம்பி சேகர் எங்கிருந்தாலும் கேட்கவேண்டுமாம். அக்காவுக்குக் கோபமில்லையாம்."

கதை துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, ஒவ்வொரு வாரமும் காசு தீருகிறவரைக்கும். சரோஜா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான நாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, தட்டு மாற்றப்போகும் நேரத்தில் சேகர் எழுந்து நின்றிருக்கிறார். கொஞ்சம் குடித்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊரான பந்திங்கில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். யாரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய அப்பா சேகரை அடித்து, இனி வாசலில் கால் வைக்காதே என்று துரத்திவிட்டார். சேகர் போனவர்தான். அதன்பிறகு சரோஜா அக்காவைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

"அவர் சொன்னது உண்மைதானா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் சிஸ்டர்? உண்மையோ பொய்யோ, எனக்காகத்தான சொன்னான். நான் அழுதத பாத்துட்டுப் போயிட்டான். அன்னிக்கு கோவம் இருந்திச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். அது போயி ரொம்ப நாளாச்சு. அது போனது அவனுக்குத் தெரியாதே."

சேகர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. லோரி ஓட்டுவதாக யாரோ சொன்னார்களாம். ஜோகூரா, பினாங்கா, எதுவும் தெரியாது. முகவரி இல்லாத ஒரு மனிதருக்குச் சேதி சொல்ல அக்காவுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

எனக்கென்னவோ சேகர் கேட்கிறார் என்று நம்பிக்கையே இல்லை. இருபத்திரண்டு வயதில் எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அது எனக்கு ஏராளமாக இருந்தது. நாடு முழுக்க எத்தனை லோரிகள், அதில் ஒரு சேகர், சனிக்கிழமை மாலையில் ரேடியோவுக்குப் பக்கத்திலா இருக்கப்போகிறார் என்று வேலாயுதம் அண்ணனிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கேக்கறவங்கள நாம எங்க பாத்தோம்? இருக்காங்கன்னு நெனச்சிதான் பேசறோம்," என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஓர் ஆண் குரல் பேசியது.

"அலோ. பாட்டு போடற எடமா?"

"ஆமாங்க. பேர், ஊர் சொல்லுங்க."

"பேரெல்லாம் வேணாம். நான் பாட்டு கேக்கல. ஒரு பாட்ட நிறுத்தணும்."

அந்த வேலையில் பாட்டைப் போடாதே என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பின்னால் பெரிய வண்டிகள் உறுமுவதும் இரும்பு இரும்போடு மோதுவதும் கேட்டது. எந்தப் பாட்டு என்றேன்.

"கேரி தீவு அக்கா ஒண்ணு கேக்குது இல்ல, தம்பி சேகருக்குன்னு. அது."

"நீங்க யாரு அண்ணே?"

"அந்தத் தம்பி," என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் வந்தால் எழுவது மாதிரி.

அவர் போர்ட் கிள்ளானில்தான் இருந்தார். கேரி தீவிலிருந்து எட்டிவிடுகிற தூரம். கொள்கலன் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டு, கிடங்கு ஒன்றின் பின்னால் நாலைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ரேடியோ வைத்துக் கேட்கிறவரும் இல்லை. "என் லோரி ரேடியோ செத்து எத்தனையோ நாளாச்சு," என்றார். லோரிக்காரர்கள் சாப்பிடும் கேன்டீனில் அதை நடத்துகிற அக்கா சனிக்கிழமையானால் எங்கள் நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்துவிடுவாராம். தப்பிக்க முடியாது. லோரிகள் நிற்கும் யார்டில் எல்லாருக்கும் கதை தெரிந்துபோய்விட்டது. இவர் லோரியை வளைத்துத் திருப்பும்போது கொஞ்சம் இடித்துவிட்டால்கூட "பரவால்ல சேகரு, அக்காவுக்கு கோவம் இல்ல" என்று கத்துகிறார்களாம்.

"நீங்களே ஒரு தடவ அக்காகிட்டப் பேசலாமே," என்றேன்.

"முடியாது சிஸ்டர்."

"அவங்க ஒவ்வொரு வாரமும் காத்திருந்து..."

"கோவமா இருந்தா எப்பயோ போயி முன்னால நின்னுருப்பேன். அடிச்சா வாங்கிக்கலாம். கோவம் இல்ல, கோவம் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. அத எப்படி சிஸ்டர் வாங்கிக்கறது?"

போனை வைத்துவிட்டார்.

வேலாயுதம் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சரோஜா அக்காவுக்கு இதைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம். அவர் யோசித்துவிட்டு, "பாட்ட நிறுத்தணும்னு அந்தத் தம்பி கேட்டாரு. கேட்டது யாரு, ஏன்னு அந்தம்மாவுக்குச் சொல்லித்தான ஆகணும்," என்றார்.

சரோஜா அக்கா அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகப் பேசினார். வழக்கம்போல எழுதிக்கோங்க என்று தொடங்கியவரை நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். காசு ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"கேக்குறானா?" என்றார்.

"கேக்குறாரு அக்கா. வாரா வாரம் கேட்டிருக்காரு."

"எளச்சிப் போயிட்டானான்னு கேட்டீங்களா?"

போனில் எப்படி அக்கா தெரியும் என்று நான் சொல்ல, அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் வேறு ஏதோவாக மாறியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபமாக இருந்தால் வந்து நின்றிருப்பேன் என்று தம்பி சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் ஒரு மாதிரி அதட்டலான குரலில், "எழுதிக்கோங்க சிஸ்டர். அக்காவுக்குக் கோவம். ரொம்பக் கோவம். நாளைக்கே வரலன்னா இன்னும் கோவம்," என்றார்.

சீட்டைப் பார்த்த வேலாயுதம் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "வாழ்த்து சொல்ற நிகழ்ச்சி மா இது. கோவத்த எப்படிப் படிக்கறது?" என்றார். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். அந்தச் சீட்டு வந்ததும் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். "கேரி தீவிலிருந்து சரோஜா. இவர் தன் தம்பி மேல் கடுமையான கோபத்தில் இருக்கிறார். நாளைக்குள் தம்பி நேரில் வராவிட்டால் கோபம் அதிகமாகும் என்று தெரிவிக்கச் சொல்கிறார்," என்று வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி வாசித்தார். பிறகு ஓடக்காரன் பாட்டு போனது.

அது முடிவதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. யாருக்கும் பாட்டு வேண்டாம். சுங்கை வே பெண் ஒருத்தி, "அந்த அக்காவுக்கு ஏன் கோவம் வந்திச்சி? நல்லவங்களாச்சே," என்றாள். மனைவிக்குப் பக்கத்திலிருந்தே பாட்டுக் கேட்பவர், தம்பியைப் போகச் சொல்லுங்கள், தாமதிப்பது நல்லதல்ல என்று அனுபவத்தில் சொன்னார். இத்தனை பேர் அந்த ஒற்றை வரியை வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போனால் அப்பா கேட்டார், "அந்தப் பெடியன் போவானோ?" அவர் ரேடியோவே கேட்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சரோஜா அக்கா முதல் ஆளாகப் பேசினார்.

"வந்தான் சிஸ்டர்."

"என்ன செஞ்சீங்க?"

"ஒரு அற விட்டேன். அப்புறம் சோறு போட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கொழம்புல உப்பு இல்லன்னான்."

அவர்கள் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு எந்திரிச்சி உள்ள போயிட்டாரு. ஆனா கதவ சாத்தல," என்றார். அதன்பிறகு சேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனார். அப்பா பல மாதம் பேசவில்லை. ஒருநாள் லோரி டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது தேய்ந்துபோயிருக்கிறது, மாற்று என்றாராம். அதைச் சொல்வதற்காகவே சரோஜா அக்கா ஒருமுறை பேசினார். பாட்டு எதுவும் கேட்கவில்லை. பிறகு அழைப்புகள் குறைந்துபோயின. வேண்டியதை அடைந்தவர்கள் கோயிலுக்கு வருவது குறைவதைப்போல என்று வேலாயுதம் அண்ணன் சொல்லிச் சிரித்தார்.

நானும் அங்கே அதிக காலம் இருக்கவில்லை. அப்பா ஆசைப்பட்ட மாதிரியே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை கிடைத்தது, கிள்ளானில். அங்கேயே கல்யாணம், வீடு, மகள். சனிக்கிழமை மாலைகளில் அடுப்படியில் ரேடியோ வைத்துக் கேட்பேன். சீட்டு வாசிக்கும் குரல்கள் ஒவ்வொன்றாக மாறின. அப்புறம் தொலைபேசி போய்க் குறுஞ்செய்தி வந்தது. வேலாயுதம் அண்ணன் ஓய்வுபெற்றார். சில வருடங்களில் அவர் இறந்த சேதியும் வானொலியில்தான் வந்தது, அவர் பல பேருக்கு மரண அறிவித்தல் வாசித்த அதே காலை நேரத்தில்.

ரேடியோ ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மகள் சண்டைக்கு வருவாள். "எல்லா ஸ்டேஷனும் ஆப்லயே இருக்கு மா, லண்டன்லகூட கேக்கலாம்," என்பாள். அது சரிதான். புதிய திரையில் நானும் இப்போது நிறையக் கேட்கிறேன். அந்த ஓடக்காரன் பாட்டைக்கூடக் கேட்டேன். ஒரு கீறல் இல்லை, இரைச்சல் இல்லை, அவ்வளவு சுத்தம். அதற்கு முன்னால் யாருடைய பெயரும் வரவில்லை. முடிந்ததும் எனக்குப் பிடிக்கும் என்று அதுவாக முடிவுசெய்து, அதே மாதிரி இன்னொன்றைப் போட்டது.

கார் வேலை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கிள்ளானில் மசாலா அரைக்கும் மில்லுக்குப் போயிருந்தேன். வறுத்த மிளகாய் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர், "மல்லிய நல்லா வறுக்கணும் தம்பி, போன தடவ பச்ச வாசம் அடிச்சிச்சி," என்றார். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"நீங்க கேரி தீவா?" என்றேன்.

திரும்பினார். நான் மனத்தில் வைத்திருந்தது உயரமான, வாட்டசாட்டமான ஓர் அக்காவை. இவர் என் தோளுக்கும் கீழே இருந்தார். தலை முழுக்க நரை. என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்னாலேயே, "பாட்டு ஆபீஸ் சிஸ்டரா?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லையாம். அவருடைய அப்பா இறந்துவிட்டார். சேகருக்குக் கல்யாணம் ஆகி, எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். சேகர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன வருஷம் போயிட்டான் சிஸ்டர். சக்கர நோவு. கால எடுத்தாங்க, அப்பறம் ஆளே போயிட்டான்."

நான் முகம் அறியாத மனிதர்தான். ஆனால் பின்னால் இரும்பு மோதும் சத்தத்தோடு பேசிய அந்தக் குரல் இத்தனை வருடம் எனக்குள் உயிரோடு இருந்திருக்கிறது.

சரோஜா அக்கா தேநீரைக் குடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். சேகருக்கு ஒரே மகன், பெயர் தினேஷ். அப்பாவின் சாவு வீட்டில், எல்லார் முன்னாலும், அம்மாவைப் பார்த்து, நீ சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டான். அம்மா அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தவன் காரியம் முடிந்த மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போர்ட் கிள்ளான் பக்கம் ஏதோ கிடங்கில் வேலை என்று கேள்வி. அதுவும் நிச்சயமில்லை.

"அவங்கம்மாவுக்கு அவன் மேல ஒண்ணும் இல்ல சிஸ்டர். புள்ள வாய்ல வந்தத சொல்லிட்டான், விடுன்னுதான் சொல்லுது. அத யாரு அவன்கிட்டச் சொல்றது? போன் நம்பர மாத்திட்டான். பழைய நம்பருக்கு நான் பேசிப் பேசி அனுப்புறேன். ஒத்த டிக்கோட அப்பிடியே நிக்கிது."

வானொலிக்கும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அங்கே இருந்த பெண் அன்பாகக் கேட்டுக்கொண்டாளாம். பெயரோடு வாசித்தார்களாம். "நல்லாத்தான் படிச்சாங்க. எங்க தோட்டத்துல ரெண்டு கெழவிங்க வந்து என்னா விசயம்னு கேட்டாங்க. தினேஷ் வயசுப் பசங்க யாரு சிஸ்டர் கேக்கறா? அவங்கப்பா சாப்புட்ட அந்தக் கேன்டீன்ல போயி விசாரிச்சேன். இப்ப வேற ஆளு நடத்துது. ரேடியோவே இல்ல. சாப்புடறவங்க எல்லாம் காதுல அத மாட்டிக்கிட்டுக் குனிஞ்சி உக்காந்திருக்காங்க."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். மசாலா வாசம் அடித்தது.

"நீங்க அந்த வேலையில இருந்தவங்க. உங்களுக்குத் தெரியும். இப்ப எதுல சொன்னா அவன் காதுல விழும்?"

நான் படித்தவள், ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மகளிடம் கேட்டால் பத்து வழி சொல்லுவாள். அந்தப் பத்திலும் அவன் தேடி வந்தால்தான் கிடைக்கும். அவன் அப்பா தேடவில்லை. தேடாதவன் காதில்தான் அன்றைக்குப் போய் விழுந்தது. இதை எப்படி அவரிடம் சொல்வது? "பாப்போம் அக்கா," என்று மட்டும் சொன்னேன். என் எண்ணைக் கொடுத்தேன். அவர் மசாலாப் பொட்டலத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுக் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருந்த குடியிருப்பு இப்போது இல்லை. அங்கே நிற்கிற அடுக்குமாடியில் எத்தனையாவது மாடி உயரத்தில் எங்கள் கூரை இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். போர்ட் கிள்ளான் வரைக்கும் போகிற ரயில். வேலை முடிந்து போகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களுமாக நல்ல கூட்டம். எனக்கு எதிரே ஒரு தமிழ்ப் பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். கிடங்குகளில் போடுகிற இரும்பு முனை வைத்த பூட்ஸ், மடியில் சுருட்டி வைத்த மஞ்சள் அங்கி. கண்ணை மூடியிருந்தான். இரண்டு காதிலும் வெள்ளையாக அது செருகியிருந்தது.

அவன் தினேஷாக இருக்க முடியாது என்று எனக்கே தெரியும். இந்தத் தடத்தில் அந்த வயதில் எத்தனை பையன்கள். இருந்தாலும் "தம்பி" என்று கூப்பிட்டேன். கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை கூப்பிட்டேன். மற்றவர்களும் திரும்பவில்லை, அவர்கள் காதுகளும் அடைத்திருந்தன. கடைசியில் முழங்கையைத் தொட்டேன். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினான்.

"யா ஆன்டி?"

உன் பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். முன்பின் தெரியாத பையனிடம் அதற்குமேல் என்ன சொல்வேன் என்று தோன்றியது. அம்மாவுக்குக் கோபம் இல்லை என்றா?

"இது கிள்ளான்ல நிக்கும்தான?" என்று கேட்டேன்.

"நிக்கும் ஆன்டி," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அவன் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்திருக்காது.